மஞ்சளும் நுரையீரல் புற்றுநோயும்: ஆய்வுச் செய்திகளைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மஞ்சளில் உள்ள குர்குமின் நுரையீரல் புற்றுநோய் செல்களை அழிக்கிறது" என்ற செய்தி அடிக்கடி வாட்ஸ்அப்பில் சுற்றி வரும். அது புளுகு இல்லை, ஆய்வு நடந்திருக்கும், செல்களும் செத்திருக்கும். அதைப் படித்துவிட்டு நாமாகப் போய்ச் சேரும் முடிவுதான் பெரும்பாலும் தவறு.

முதலில், எந்தச் செல் என்று பாருங்கள். அநேகமாக ஏ549 என்று இருக்கும். 1972-ல் அமெரிக்காவில் 58 வயது ஆண் ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்த செல்கள், இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. பிளாஸ்டிக் தட்டில் ஒட்டி வளரும் அந்தச் செல்களுக்குக் குடலும் கல்லீரலும் நடுவில் நிற்பதில்லை, மேலே ஊற்றியது அப்படியே போய்ச் சேரும். அதைப் 'புற்றுநோய் குணமானது' என்று படிக்கக் கூடாது.

அளவைப் பார்க்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தட்டில் போடுவது பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதன் அளவு) வரை. 2001-ல் வெளியான தைவான் ஆய்வில் தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்தும் ரத்தத்தில் உச்ச அளவு சராசரியாக 2 மைக்ரோமோலாரைக்கூடத் தொடவில்லை. சமையல் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அப்படியானால் 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கு மேல் தூள் வேண்டும், அதுவும் தினமும்! சாப்பிட்டதில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும், உள்ளே போகும் கொஞ்சத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் வேறு பொருளாக மாற்றிவிடும்.

சரி, மிளகு சேர்த்தால் ஏறுமே என்பீர்கள். ஏறும். 1998-ல் பெங்களூர் ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் கொடுத்தபோது உடலில் சேர்வது 20 மடங்கு கூடியது. ஆனால் அது மிகச் சொற்பத்தின் 20 மடங்கு. அப்புறம், பைப்பரின் தடுக்கும் நொதிகளில் சிலவற்றைக் கொண்டுதான் கல்லீரல் ஜெஃபிடினிப், எர்லோடினிப் போன்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரைகளையும் உடைக்கிறது. நொதி முடங்கினால் அந்த மருந்தும் ரத்தத்தில் எகிறலாம். மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்ததும் இத்தாலியில் 2019-ல் பதிவாகியிருக்கிறது. ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் வேறு கதை, அதற்குப் பயப்பட வேண்டாம். சிகிச்சையில் இருப்பவர் மாத்திரையாக எடுப்பதானால் டப்பாவோடு போய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இதே ஆய்வைத் தாங்களே செய்யும் எம்.எஸ்சி. மாணவர்களுக்கும் ஒன்று. செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்டிடி சோதனையில் மஞ்சள் நிறச் சாயத்தை உயிருள்ள செல் ஊதாவாக்கும், ஊதா குறைந்தால் செல் செத்தது என்று கணக்கு. ஆனால் பாலிஃபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருள்கள் சில, செல்லே இல்லாத தட்டுக் குழியிலும் சாயத்தை ஊதாவாக்கிவிடும். எனவே செல் இல்லாமல் மருந்து மட்டும் உள்ள குழி, மருந்தைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ மட்டும் செல்களில் போட்ட குழி இரண்டும் கட்டாயம் வேண்டும், பீஸ்-2பி மாதிரி புற்றில்லாத நுரையீரல் செல்லும் பக்கத்தில் இருக்கட்டும். அதுவும் சேர்ந்து சாகிறதென்றால் கையில் இருப்பது வெறும் நஞ்சு. இன்னொன்று, சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) இல்லாத, அமிலமும் காரமும் அல்லாத நடுநிலைக் கரைசலில் 37 டிகிரியில் குர்குமின் அரை மணி நேரத்தில் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும், மறுநாள் நீங்கள் அளப்பது எதன் விளைவு?

'இயற்கைதானே, உதவாவிட்டாலும் கெடுக்காது' என்பதை பீட்டா கரோட்டின் 1990-களிலேயே உடைத்துவிட்டது. கேரட்டில் இருக்கிற அதே பொருள்தான். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வில், அதை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் வைட்டமின் ஏ-வும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு ஆய்வில் 28 சதவீதம் கூடியதால் 1996-ல் பாதியிலேயே மாத்திரையை நிறுத்தினார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு 'செடியில் ஒன்றுமே இல்லை' என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறுதான். நம்மூரில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்கிற நித்தியகல்யாணியின் ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருள்களிலிருந்து பிரான்ஸில் வேதியியலாளர் பியர் பொத்தியேவின் குழு உருவாக்கிய வினோரெல்பின், 1994 முதல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து. இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கும் சமாச்சாரம் இல்லை அது. உடல் பரப்பைக் கணக்கிட்டு ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள், வெள்ளையணுக்கள் சரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் ரத்தம் எடுத்து எண்ணிக்கை பார்ப்பார்கள்.