புதிய இணையக் கருவிகளை முயன்று பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கருவி வெளியாகும் நாளில்தான் அதைப் பற்றி நமக்கு மிகக் குறைவாகத் தெரியும். நிறுவனம் சொல்ல விரும்புவது மட்டுமே அன்று வெளியே வரும். அது எதையெல்லாம் சேமிக்கிறது, எப்போது காசு கேட்கும், நாளை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டால் நம் கோப்புகள் என்னாகும் என்பதெல்லாம் பிறகுதான் தெரியவரும். கருவியைச் சோதிப்பதிலும் தொழில்நுட்பச் செய்தியைப் படிப்பதிலும் நடக்கும் தவறுகளுக்குப் பெரும்பாலும் ஒரே வேர்தான்: அறிவிப்பை, நடந்து முடிந்த காரியமாக எடுத்துக்கொள்கிறோம்.

முதன்மைக் கணக்கையே திறந்துவிடுவது

“கூகுள் மூலம் உள்நுழைக” என்ற பொத்தானை அழுத்தும்போது இரண்டு வகை அனுமதி கேட்கப்படலாம். பெயர், மின்னஞ்சல் முகவரி, படம் ஆகியவற்றை மட்டும் கேட்பது ஒரு வகை. அதில் பெரிய ஆபத்து இல்லை. மின்னஞ்சல்களைப் படிக்க, அனுப்ப, நீக்க, டிரைவில் உள்ள கோப்புகளைப் பார்க்க, திருத்த அனுமதி கேட்பது இன்னொரு வகை. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரித் திரையில் வருவதால் பலர் வரிகளைப் படிக்காமலே ஒப்புதல் கொடுத்துவிடுகிறார்கள். கவனமாகப் படிக்க வேண்டிய திரை ஒன்றே ஒன்றுதான் என்றால், அது இதுதான்.

2017 மே 3 அன்று நடந்ததைப் பாருங்கள். “கூகுள் டாக்ஸ்” என்றே பெயர் வைத்துக்கொண்ட போலிச் செயலி ஒன்று, தெரிந்தவர் ஆவணம் பகிர்ந்திருப்பதாக மின்னஞ்சல் அனுப்பியது. இணைப்பை அழுத்தியவர்கள் போய்ச் சேர்ந்தது கூகுளின் உண்மையான அனுமதிப் பக்கத்துக்கு. யாருடைய பாஸ்வேர்டும் திருடப்படவில்லை. “அனுமதி” என்று அழுத்தியதும் மின்னஞ்சலையும் தொடர்புப் பட்டியலையும் கையாளும் உரிமை செயலிக்குப் போனது. அது அடுத்தடுத்த ஆட்களுக்கு அதே மின்னஞ்சலை அனுப்பிக்கொண்டே போனது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு இதைத் தடுக்காது. கணக்கின் உரிமையாளரே முறையாக உள்ளே வந்து ஒப்புதல் கொடுக்கிறாரே! அந்த ஒப்புதலுக்கு ஈடாகச் செயலி பெறும் டோக்கன், அதாவது டிஜிட்டல் அனுமதிச் சீட்டு, பாஸ்வேர்டிலிருந்து வேறானது. ஆகவே பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது; கணக்கு அமைப்புகளில் மூன்றாம் தரப்புச் செயலிகளின் பட்டியலுக்குப் போய் இணைப்பை நீக்க வேண்டும்.

மோசடி இல்லாத செயலியும் இந்த உரிமையை நாம் எதிர்பாராத வழியில் பயன்படுத்தலாம். விளம்பர மின்னஞ்சல்களைக் குறைத்துத் தரும் அன்ரோல்.மீ என்ற இலவசச் சேவை, பயனர்களின் அஞ்சல்பெட்டியில் இருந்த ரசீதுகளிலிருந்து திரட்டிய விவரங்களைப் பெயர் நீக்கி விற்றுவந்தது 2017 ஏப்ரலில் வெளியே வந்தது. அஞ்சல்பெட்டியைத் திறக்கச் சொல்லும் இலவசக் கருவி எதுவானாலும், அதன் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தேடிப் பார்த்த பிறகே சேர வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. சோதனைக்கென்று தனி மின்னஞ்சல் கணக்கு ஒன்று, உலாவியில் அதற்கெனத் தனி ப்ரொஃபைல் ஒன்று. தனி ப்ரொஃபைலில் குக்கிகள், சேமித்த பாஸ்வேர்டுகள், உலாவியோடு சேர்க்கும் சிறு நிரல்களான எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் பிரிந்தே இருக்கும். புதிய கருவி என்ன செய்தாலும் அன்றாட வேலைக் கணக்கைத் தொடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்றாம் தரப்புச் செயலிகளின் பட்டியலைத் திறந்து, பயன்படுத்தாதவற்றை நீக்கிவிடுங்கள்.

தொடர்புப் பட்டியலைக் கேட்டால் மட்டும் தயங்காமல் மறுத்துவிடுங்கள். அதில் இருப்பவை பிறருடைய எண்கள். அவர்களைக் கேட்காமல் கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் பயனர் விவரங்கள் போன விவகாரத்தில், ஃபேஸ்புக்கில் இயங்கிய வெளியாரின் ஆளுமைச் சோதனைச் செயலியை நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர். நண்பர்களின் விவரங்களும் சேர்ந்து போனதால் பாதிக்கப்பட்டவர்கள் 8.7 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்று 2018-இல் ஃபேஸ்புக்கே சொன்னது.

எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துவிட்டு மறந்துவிடுவது

செயலிகளைவிட எக்ஸ்டென்ஷன்கள்தான் கூடுதல் கவனம் கேட்பவை. “எல்லா வலைத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்” என்ற அனுமதி பெற்ற எக்ஸ்டென்ஷன், நீங்கள் திறக்கும் வங்கிப் பக்கத்தையும் அலுவலக அஞ்சலையும் பார்க்க முடியும். இன்று நல்லதாக இருப்பது நாளையும் நல்லதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். புதிய பதிப்பில் என்ன சேர்ந்தது என்று யாரும் நம்மிடம் சொல்வதில்லை.

பயன்படுத்தாத டேப்களை உறங்கவைக்கும் “தி கிரேட் சஸ்பெண்டர்” 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நம்பிய எக்ஸ்டென்ஷன். அதை உருவாக்கியவர் 2020-இல் வேறொருவரிடம் விற்றார். 2021 பிப்ரவரியில் தீம்பொருள் அடங்கியது என்று சொல்லி கூகுள் அதை முடக்கியது. 2024 டிசம்பரில் தரவுப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட சைபர்ஹேவன் நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனும் இப்படி மாட்டியது. ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலை நம்பி ஒப்புதல் திரையில் அனுமதி கொடுத்தார். தாக்கியவர்கள் கெட்ட பதிப்பைக் குரோமின் எக்ஸ்டென்ஷன் கடையில் ஏற்றினார்கள். அது ஏறக்குறைய ஒரு நாள் பயனர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. துறைசார்ந்தவர்களுக்கே நடக்கிறது என்றால், பயனர் செய்யக்கூடிய தற்காப்பு ஒன்றுதான்: அனுமதியைச் சுருக்குவது.

குரோமில் எக்ஸ்டென்ஷன்கள் பக்கத்தைத் திறந்து, “விவரங்கள்” என்பதை அழுத்தி, தள அணுகல் பகுதியில் “எல்லாத் தளங்களிலும்” என்றிருப்பதை “கிளிக் செய்யும்போது” அல்லது “குறிப்பிட்ட தளங்களில்” என்று மாற்றுங்கள். மாற்றியதும் வேலை செய்யாமல் போகிறது என்றால், அந்த வசதி இவ்வளவு அணுகலுக்குத் தகுதியானதா என்று யோசிக்க அதுவே நல்ல தருணம்.

உண்மையான தரவை ஊற்றுவது, வெளியேறும் வழியைப் பார்க்காமல் இருப்பது

புதிய கருவியில் முதல் நாளே உண்மையான வாடிக்கையாளர் பட்டியலையோ ஒப்பந்தத்தையோ நிரல் வரிகளையோ இடக் கூடாது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. 2023 மார்ச் 20 அன்று ஒரு பிழையால் சிலருக்குப் பிறருடைய உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. அந்தச் சில மணி நேரத்தில் பயன்படுத்திய கட்டணச் சந்தாதாரர்களில் 1.2 சதவீதத்தினரின் பணம் செலுத்தும் விவரங்களில் ஒரு பகுதியும் வெளிப்பட்டிருக்கலாம் என்று ஓபன்ஏஐ சொன்னது. பெரிய நிறுவனம், பெரும் முதலீடு என்பதெல்லாம் ஆரம்ப மாதப் பிழைகளிலிருந்து நம்மைக் காப்பதில்லை.

அதற்குப் பதிலாக இருபது, முப்பது பதிவுகள் கொண்ட சோதனைத் தொகுப்பு ஒன்றை ஒருமுறை தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கருவிக்கும் அதுவே பயன்படும். அதில் இருக்க வேண்டியவை: பழைய தேதியிட்ட பதிவுகள், குறிச்சொற்கள், இரண்டு இணைப்புக் கோப்புகள், ஒரு படம், நீளமான குறிப்பு ஒன்று, கட்டாயம் சில தமிழ்ப் பதிவுகள்.

தமிழை ஏன் வலியுறுத்த வேண்டும்? ஆங்கிலத்தில் பளிச்சென்று வேலை செய்யும் கருவி தமிழில் சத்தமில்லாமல் உடையும். “கொ” என்ற எழுத்தில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே யூனிகோடு குறியாகப் பதியலாம். கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டையும் ஒன்றெனக் கருதும் ஏற்பாட்டைக் கருவி செய்திருக்காவிட்டால், நீங்கள் எழுதி வைத்த சொல்லையே தேடினாலும் “எதுவும் கிடைக்கவில்லை” என்று வரும். இரண்டு விதமாகவும் ஒரு சொல்லைப் பதிந்து தேடிப் பாருங்கள். பிடிஎஃப் ஆக மாற்றி, அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். எழுத்துகள் சிதறினால் அந்த பிடிஎஃப் பார்க்க மட்டுமே உதவும்.

அடுத்தது எக்ஸ்போர்ட். உள்ளே போட்டதை அன்றைக்கே வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிடும் வுண்டர்லிஸ்டை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கியது, 2020 மே 6 அன்று மூடியது. பின்னால் படிப்பதற்கெனக் கட்டுரைகளைச் சேமித்துவைக்கும் பாக்கெட் சேவையை மொசில்லா 2025 ஜூலை 8 அன்று நிறுத்தியது. அதே வேலையைச் செய்த ஆம்னிவோர், 2024 அக்டோபரில் வேறொரு நிறுவனத்தோடு சேர்வதாக அறிவித்தபோது பயனர்களுக்குக் கிடைத்தது சில வாரங்கள்தான். மூடும் அறிவிப்பு வந்தபிறகு எக்ஸ்போர்ட் எப்படியிருக்கிறது என்று பார்ப்பது மிகத் தாமதம்.

எக்ஸ்போர்ட் பொத்தான் இருந்தால் மட்டும் போதாது. கோப்பைத் திறந்து மூன்றைச் சரிபாருங்கள். இணைப்புக் கோப்புகள் உண்மையிலேயே உள்ளே இருக்கின்றனவா, அல்லது அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகும் சுட்டிகள் மட்டும்தானா? சுட்டிகள் என்றால், சேவை மூடிய நாளிலிருந்து அவை செத்துவிடும். பதிவு உருவான தேதி காக்கப்பட்டிருக்கிறதா, எல்லாம் இன்றைய தேதியாக மாறிவிட்டனவா? குறிச்சொற்கள் வந்தனவா? பிறகு அந்தக் கோப்பை வேறொரு கருவியில் இம்போர்ட் செய்து பாருங்கள். சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்து தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தால், கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். டேட்டா பட்டியலில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி கோப்பிலிருந்து எடுக்கும் வழியைத் தேர்ந்து, 65001 யூனிகோடு யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தைக் கொடுத்தால் சரியாக வரும்.

இலவசச் சோதனைக் காலம் பற்றி ஒரு வார்த்தை. செயலியைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா ரத்தாகாது. ஸ்டோரின் சந்தாப் பக்கத்தில்தான் ரத்து செய்ய வேண்டும். ஆப்பிளில் சோதனைக் காலம் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே செய்ய வேண்டும். பதிவு செய்யும்போதே, முடிவுக்கு இரண்டு நாள் முன்னதாக ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

செய்தியில் வினைச்சொல்லைப் பார்க்காமல் படிப்பது

“வாங்குகிறது” என்ற தலைப்புக்கும் “வாங்கிவிட்டது” என்பதற்கும் இடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் போட்டி ஒழுங்குமுறை அமைப்புகள் எதிர்த்தன. 2023 டிசம்பரில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடோபி 100 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. முதல் தலைப்பைப் படித்ததும் அவசரமாக வேறு கருவிக்கு மாறியிருந்தால் அந்த உழைப்பு வீண். ஆகவே தலைப்பில் இருப்பது ஒப்பந்தமா, நிறைவா; அறிவிப்பா, எல்லோருக்கும் வெளியீடா, காத்திருப்போர் பட்டியலா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

செயல்விளக்கக் காணொளிகளையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் கூகுள் வெளியிட்ட ஜெமினி காணொளியில், மனிதர் பேச, செயற்கை நுண்ணறிவு மாதிரி உடனுக்குடன் பதில் சொல்வதுபோல இருந்தது. உண்மையில் நிலைப்படங்களையும் எழுத்து வடிவக் கட்டளைகளையும் கொடுத்துப் பெற்ற பதில்கள் அவை. அதை கூகுளே பிறகு விளக்கியது. காணொளியின் கீழுள்ள சிறு குறிப்பைப் படிக்காமல் பகிர்ந்துவிடாதீர்கள்.

முதலீட்டுத் தொகையைத் தரத்தின் சான்றாகக் கொள்வதும் பிழை. குறுங்காணொளிச் சேவையான குவிபி 175 கோடி டாலர் திரட்டியது. 2020 ஏப்ரலில் தொடங்கி அதே ஆண்டு டிசம்பரில் மூடியது.

பத்துத் தளங்களில் ஒரே நேரத்தில் ஒரே செய்தி வந்தால் பத்து ஆதாரங்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே செய்திக்குறிப்பைக் குறித்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுப்பது வழக்கம். யாராவது கருவியைத் தாமே சில வாரம் பயன்படுத்தி எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

பாதுகாப்புச் செய்தியில் மட்டும் முதல் அறிக்கையோடு நிறுத்துவது பெரும் சேதம் தரும். பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் லாஸ்ட்பாஸ் சேவை 2022 ஆகஸ்டில் ஊடுருவலை அறிவித்தபோது, வாடிக்கையாளர் தரவோ பாஸ்வேர்டு பெட்டகங்களோ அணுகப்பட்டதற்கு ஆதாரமில்லை என்றது. டிசம்பர் 22 அன்று வந்த அறிக்கை, பெட்டகங்களின் காப்புப் பிரதியே நகலெடுக்கப்பட்டதைச் சொன்னது. ஆகஸ்ட் செய்தியோடு நிம்மதியடைந்தவர்கள், பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாமல் இருந்துவிட்டார்கள். ஊடுருவல் செய்தி படித்த அன்றே நாட்காட்டியில் ஒரு மாதம், நான்கு மாதம் கழித்து இரண்டு குறிப்புகள் போட்டு, நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் புதிய அறிக்கை வந்திருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருள் குறைபாடு எவ்வளவு ஆபத்தானது என்று பத்துக்குக் கொடுக்கப்படும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பதறவும் வேண்டாம். 2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஷெல் என்ற குறைபாடு 10-க்கு 10 பெற்றது. அதில் பதற்றம் நியாயமே. ஆனால் எந்த எண்ணானாலும் முதலில் பார்க்க வேண்டியது, நம்மிடம் இருக்கும் பதிப்பு பாதிக்கப்பட்டதா என்பதைத்தான்.

செய்திகளைப் பெற, நாம் தேர்ந்த தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் இன்றும் நல்ல வழி. செய்திகள் வரும் வரிசையை எந்த நிறுவனமும் நமக்காக மாற்றுவதில்லை. பயன்படுத்தும் கருவிகளில் என்ன மாறியது என்று சொல்லும் மாற்றப் பதிவுப் பக்கங்களை முதலில் சேருங்கள். பிறகு செய்தித் தளங்கள். சேர்த்த தளங்களின் பட்டியலை, மற்ற ரீடர்களிலும் ஏற்றக்கூடிய ஓபிஎம்எல் கோப்பாக எடுத்து வையுங்கள். 2013 ஜூலை 1 அன்று ஆர்எஸ்எஸ் படிக்க உதவிய கூகுள் ரீடர் மூடியபோது, ஊட்டப் பட்டியலைக் கோப்பாக எடுத்துவைத்தவர்கள் அதை வேறு ரீடரில் ஏற்றி அப்படியே தொடர முடிந்தது.

விலகும்போது வரிசை தவறுவது

பிடிக்காத கருவியைச் செயலியை நீக்குவதோடு விட்டுவிடுகிறார்கள். கணக்கு அங்கேயே கிடக்கும். சரியான வரிசை இது: முதலில் எக்ஸ்போர்ட், அடுத்து சந்தா ரத்து, பிறகு கணக்கை நீக்குதல், அதன்பின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் இணைப்பை நீக்குதல், கடைசியில் செயலி. இணைப்பை முதலிலேயே துண்டித்தால், கணக்கை நீக்க உள்ளே நுழைவதே சிக்கலாகலாம். இணைப்பைத் துண்டித்தாலும் ஏற்கெனவே எடுத்துச்சென்ற தரவு அவர்களிடமே இருக்கும். அதை அழிக்கக் கணக்கு நீக்கம்தான் வழி.

பல சேவைகள் நீக்கக் கோரிக்கைக்குப் பிறகும் கணக்கைச் சில வாரங்கள் உறக்க நிலையில் வைத்திருக்கும். அந்த இடைவெளியில் ஒருமுறை உள்நுழைந்தாலே நீக்கம் ரத்தாகிவிடலாம். எனவே உள்நுழையாமல் இருந்து, சேவை சொன்ன காலம் முடிந்ததும் “பாஸ்வேர்டு மறந்துவிட்டது” பக்கத்தில் பழைய முகவரியைக் கொடுங்கள். பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு மின்னஞ்சலில் வந்தால் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் உதவி மையத்துக்கு எழுத்தில் நீக்கக் கோரிக்கை அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள்.