ஈ.ஆர்.பி.க்கு மாறும் சிறு தொழிற்கூடம் ஸ்டோர்ஸிலிருந்து தொடங்க வேண்டும்

பெங்களூரின் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளில் தமிழர்கள் நடத்தும் எந்திரப் பட்டறைகளும் உதிரிபாகத் தொழிற்கூடங்களும் உண்டு. கணக்கு டாலியிலும், ஸ்டாக் எக்ஸெலிலும், எந்த வேலை எந்த எந்திரத்தில் ஓடுகிறது என்பது மேற்பார்வையாளரின் நோட்டிலுமாக இருக்கும் நிலையை விட்டு, மூன்றையும் ஒரே இடத்தில் சேர்க்கும் ஈ.ஆர்.பி. மென்பொருளுக்கு மாற விரும்பும் அத்தகைய நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த மாற்றத்தைக் கணக்குப் பிரிவின் பொறுப்பில் விட்டுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. அதை ஸ்டோர்ஸிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. ஏனெனில் கொள்முதல், உற்பத்தி, விற்பனை ஆகிய மூன்றின் கணக்கும், சரக்கு உள்ளே வந்தது, வெளியே போனது என்று ஸ்டோர்ஸில் ஒருவர் செய்யும் பதிவின் மேல்தான் நிற்கிறது.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் மாதக்கணக்கில் தயங்க வேண்டியதில்லை. மும்பையில் உருவான திறமூல மென்பொருளான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட், பெல்ஜியத்தின் ஓடூ, சாப் பிசினஸ் ஒன், மைக்ரோசாஃப்ட் பிசினஸ் சென்ட்ரல் ஆகியவற்றில் எதுவும் இந்த அளவுள்ள தொழிற்கூடத்தைத் தாங்கும். ஆனால் விற்பவர் கொண்டுவரும் மாதிரித் தரவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சென்ற மாதத்துப் பர்ச்சேஸ் ஆர்டர் ஒன்றையும், வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்கு ஒன்றையும், பாதி மட்டும் அனுப்பிய ஆர்டர் ஒன்றையும் கொடுத்து, உங்கள் கண்முன்னே பதிந்து காட்டச் சொல்லுங்கள். சட்டம் கேட்கும் இரண்டு வசதிகளை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்குக்குப் பயன்படுத்தும் மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிந்து வைப்பதாகவும், அந்தப் பதிவை யாரும் நிறுத்த முடியாததாகவும் இருக்க வேண்டும். கணக்கு வெளிநாட்டுச் சர்வரில் இருந்தாலும், அதன் பேக்கப் நாள்தோறும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேர வேண்டும்.

இனி உண்மையான வேலைக்கு வருவோம். ஒரே போல்ட், டாலியில் 'எம்8 போல்ட்' என்றும், எக்ஸெலில் 'ஹெக்ஸ் போல்ட் 8 மி.மீ.' என்றும், கொள்முதல் பிரிவில் சப்ளையரின் பார்ட் நம்பராகவும் இருக்கும். மூன்றும் மூன்று பொருள்களாகப் புதிய மென்பொருளில் ஏறிவிட்டால், ஒரு பெயரில் இருப்பு குவிந்து கிடக்கும்போதே மற்றொரு பெயரில் புதிய ஆர்டர் போடும்படி அது சொல்லும். ஆகவே எல்லாப் பொருள்களின் மூலப் பட்டியலான ஐட்டம் மாஸ்டரைத் தயாரிக்கும்போது பழைய பட்டியலை அப்படியே ஏற்றாமல், ஸ்டோர்கீப்பரை உடன் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அலமாரியாகப் பார்த்துப் புதிதாக எழுதுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் அசையாத பொருள்களைத் தனியே பிரித்து, அவற்றின் மதிப்பை என்ன செய்வது என்பதை ஆடிட்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். பொருளின் குறியீட்டுக்கு வெறும் வரிசை எண்ணே போதும். அளவு, உலோகம், தரம் ஆகியவற்றைக் குறியீட்டுக்குள் திணித்தால், நாளை தரம் மாறும்போது குறியீடு பொய் சொல்லத் தொடங்கும். வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ்.என். எண்ணையும் வரி விகிதத்தையும் ஒவ்வொன்றுக்கும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் பல மாறியிருப்பதால் பழைய பட்டியலை நம்ப முடியாது. புதிய பொருளைச் சேர்க்கும் உரிமை ஒரே ஒருவரிடம் இருக்கட்டும்.

அளவைகளில்தான் பலரும் கவனம் தவறுகிறார்கள். இரும்புக் கம்பியைக் கிலோவில் வாங்கி, மீட்டரில் வெட்டி, எண்ணிக்கையில் விற்கிறோம். 25 மி.மீ. உருட்டுக்கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 3.85 கிலோ என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. விட்டத்தை வர்க்கமாக்கி 162ஆல் வகுத்தால் அது வந்துவிடும். ஆனால் மென்பொருளுக்கு அதைச் சொல்லி வைக்காவிட்டால், முதல் மாதத்திலேயே இருப்பு மைனஸில் போகும். வெட்டும்போது விழும் துண்டையும் தூளையும் எந்தக் கணக்கில் எடுப்பது என்பதையும் அப்போதே தீர்மானித்துவிட வேண்டும்.

ஓசூருக்கு ஜாப் ஒர்க் அனுப்புவோர், அதாவது தம் பொருளை வெளிப் பட்டறையில் கொடுத்து வேலை செய்து வாங்குவோர், இதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அத்திப்பள்ளியைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. வேறு மாநிலத்து ஜாப் ஒர்க்கருக்குப் போகும் சரக்குக்கு, மதிப்பு 50,000 ரூபாய்க்குக் குறைந்தாலும், சரக்கைக் கொண்டுசெல்வதற்கான மின்னணு ஆவணமான இ-வே பில் தேவை. மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பதால், யாரிடம் எது எத்தனை நாளாக இருக்கிறது என்ற அறிக்கை ஒரே சொடுக்கில் வர வேண்டும்.

நம் பழக்கத்துக்கேற்ப மென்பொருளை மாற்றித் தரும்படி கேட்பதில் நிதானம் வேண்டும். ஜெர்மனியின் பல்பொருள் அங்காடி நிறுவனமான லிடில், சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் தன் வழக்கத்தை விடாமல் சாப் மென்பொருளை அதற்கேற்ப மாற்ற முயன்றதாகவும், சுமார் 50 கோடி யூரோ செலவழித்தபின் 2018இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டதாகவும் செய்திகள் வந்தன. பட்டறையின் தனித்திறன் எதில் இருக்கிறதோ அதற்கு மட்டும் மாற்றம் கேளுங்கள். விடுப்புப் படிவத்துக்கும் வவுச்சர் அமைப்புக்கும் வேண்டாம்.

தொடங்கும் நாளாகப் பலரும் ஏப்ரல் 1ஐத்தான் நினைப்பார்கள். மார்ச் இறுதியில் விற்பனை நெருக்கடியும் கணக்கு முடிப்பும் ஒன்றாக வருவதால் நான் ஜனவரி 1ஐப் பரிந்துரைக்கிறேன். 1999 ஜூலையில் அமெரிக்காவின் சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி புதிய மென்பொருளை இயக்கத் தொடங்கி, மிட்டாய் அதிகம் விற்கும் அடுத்து வந்த ஹாலோவீன் பருவத்தில் ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியாமல் தவித்தது. சரக்கு கிடங்கில்தான் இருந்தது. ஆயுத பூஜைக்கு எந்திரங்களை நிறுத்திப் பட்டறையைக் கழுவும் நாள்களையொட்டி முழு ஸ்டாக் எண்ணிக்கையை ஒருமுறை ஒத்திகை பாருங்கள். டிசம்பர் கடைசியில் செய்யும் உண்மையான எண்ணிக்கையின்போது சரக்கு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் முற்றிலும் நிறுத்தி வையுங்கள். நிதியாண்டின் நடுவில் மாறுவதால் இன்வாய்ஸுக்குப் புதிய வரிசை தொடங்க வேண்டும். அந்த எண் 16 எழுத்துகளுக்கு மிகாமலும், அந்த நிதியாண்டில் வேறெங்கும் வராததாகவும் இருக்க வேண்டும்.

பயிற்சியை மாநாட்டு அறையில் நடத்தாமல் ஸ்டோர்ஸ் கவுண்டரிலேயே நடத்துங்கள். தருமபுரியிலிருந்து வந்த ஸ்டோர்கீப்பருக்குத் தமிழிலும், மற்றவர்களுக்குக் கன்னடத்திலும் இந்தியிலும் சொல்லித்தர ஆள் வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் பொருளின் படத்தையும் பார்கோடையும் ஒட்டிவிட்டால், கைத்தவறுகள் பெருமளவு குறையும். மிக முக்கியமாக, தொடங்கிய நாளிலிருந்து எக்ஸெல் கோப்பைப் பூட்டிவிடுங்கள். அது திறந்திருக்கும்வரை உண்மையான இருப்பு அதில்தான் இருக்கும், புதிய மென்பொருளில் இருப்பது ஒப்புக்கு எழுதியதாகவே இருக்கும். முதல் மூன்று மாதங்களுக்கு நாள்தோறும் சில பொருள்களை எண்ணிப் பார்த்து, வித்தியாசம் எந்தப் பதிவால் வந்தது என்று கண்டுபிடித்த பிறகே திருத்த வேண்டும்.

பழைய பில்களையெல்லாம் புதிய மென்பொருளில் ஏற்றும் செலவு வீண். தொடக்க இருப்பு, நிலுவையில் உள்ள இன்வாய்ஸ்கள், முடியாத ஆர்டர்கள், ஜாப் ஒர்க்கரிடம் உள்ள சரக்கு ஆகியவற்றை மட்டும் ஏற்றினால் போதும். கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டுகள் காக்கக் கம்பெனிச் சட்டம் கட்டாயப்படுத்துவதால், டாலித் தரவைப் படிக்க மட்டும் முடியும்படி ஒரு கணினியில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது அது திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.