தரிசு என்று எழுதும் முன்: கிராமத் திட்டம் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில், ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எழுதும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த மூன்று பேருடன் உட்கார்ந்திருந்தேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். லேப்டாப்பில் செயற்கைக்கோள் படத்தை விரித்து, ஊருக்கு மேற்கே கரட்டு (சின்னப் பாறைக் குன்று) அடிவாரத்தில் பழுப்பாகத் தெரிந்த ஒரு துண்டைச் சுற்றிச் சிவப்புக் கோடு இழுத்து, உள்ளே ‘காலி நிலம்’ என்று எழுதினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 15 வருடத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி ஒரு கோடு இழுத்தவன்தான். அதனால் ஒரு ஊர் என்ன இழந்தது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலையில் தப்புக்குப் பஞ்சமில்லை. தேதி போட மறப்பது, சர்வே எண்ணின் உட்பிரிவை மாற்றி எழுதுவது, கையெழுத்து விட்டுப்போவது இதெல்லாம் நாலு முறை கோப்பு திரும்பி வந்தால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஊரிலேயே தங்கிவிடுகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன். அதில் ஒன்றைக் கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்த தீர்மானத்தோடு கிராம சபைக்குப் போவது

போகாதீர்கள். வெள்ளைத் தாளோடு போங்கள்.

முதல் வரியிலேயே போர்வெல் எழுதுவது

எந்த ஊரில் கேட்டாலும் முதலில் வரும் கோரிக்கை இதுதான், கேட்பவர்கள் மேலும் தப்பில்லை. ஆனால் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டம் இரண்டும் கெட்டிப் பாறை மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஆழம் போகப் போக ஃப்ளூரைடு கூடுகிற இடங்கள் இங்கே நிறைய. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. பல்லில் பழுப்புக் கறையோடு பள்ளிக்கூடம் போன ஒரு தலைமுறையே இங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததற்கு அதுதான் காரணம். காவிரித் தண்ணீர் குழாயில் வரும் ஊரில் மறுபடியும் 1,000 அடிக்கு ஒரு துளை எழுதும் முன்பு, இருக்கிற போர்வெல் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். அந்தச் சோதனைக்குச் செலவு ரொம்பக் கம்மி.

மேய்ச்சல் நிலத்தைத் தரிசு என்று எழுதுவது

என் முதல் வேலை பென்னாகரம் பக்கம். கரட்டை ஒட்டி 18 ஏக்கர், கணக்கில் ‘தீர்வை ஏற்படாத தரிசு’, அதாவது நிலவரி போடாத தரிசு. இடத்தை ஒரே ஒரு முறை, அதுவும் பங்குனி மாதத்து நடுப்பகலில், வண்டியில் இருந்தபடியே பார்த்தேன். காய்ந்து கிடந்தது, ஒரு ஆள் இல்லை. மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டேன்: 5 மீட்டருக்கு ஒரு குழி, ஏக்கருக்கு 160, மொத்தம் 2,900 கன்றுக்குக் கொஞ்சம் கீழே. ஆடு மாடு நுழையாமல் சுற்றிலும் அகழி. கூலி 100 நாள் வேலையில். மேலே போனது, ஒப்புதல் வந்தது, ஆய்வுக் கூட்டத்தில் பாராட்டும் கிடைத்தது.

அகழி வெட்டத் தொடங்கிய மூன்றாம் நாள், வேலைக்கு வந்திருந்த ஒரு அம்மா மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்: “ஏன் தம்பி, எங்க ஆட்டுக்கு இதுதானே கொல்லை. இதைச் சுத்திப் பள்ளம் எடுத்துட்டா நாங்க எங்க ஓட்டிட்டுப் போறது?” தன் ஆட்டை வெளியே நிறுத்தப்போகிற பள்ளத்தைத் தன் கையாலேயே வெட்டிக்கொண்டு கேட்கிறார். மரம் வளர்ந்தால் உங்களுக்குத்தான் நல்லது என்று ஏதோ சொல்லி நகர்ந்துவிட்டேன். அந்தப் பதில் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

அந்த 18 ஏக்கர் என்னவாக இருந்தது என்று பின்னால்தான், நிறையப் பேரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் மானாவாரி நிலத்தில் ஆடியில் விதைத்தால், கடலையோ கேழ்வரகோ சாமையோ, அப்புறம் துவரை, கொள்ளு என்று தை வரைக்கும் வெள்ளாமை நிற்கும். அதுவரை ஆட்டைக் கொல்லைப் பக்கம், அதாவது இந்த மானாவாரி நிலத்துப் பக்கம், விட முடியாது. அந்த ஆறு மாதமும் ஆட்டுக்கு இருந்த ஒரே இடம் இந்தக் கரட்டடி. மழை பெய்தால் பத்து நாளில் கொழுக்கட்டைப்புல் எழும்பும். சித்திரை வைகாசியில் புல் இல்லாதபோது வெள்வேல மரத்துக் காய் உதிரும், ஆடு அதைத் தின்றே கோடையைக் கடத்தும். உசிலை இலையை உருவிக் காயவைத்து அரப்பு இடிப்பார்கள், ஐப்பசி வாக்கில் சீத்தாப்பழம், வருடம் முழுக்க ஆவாரங்குச்சி விறகு. அறுவடை முடிந்ததும் அதே ஆடுகள் கொல்லைக்கு இறங்கும், இரவில் அங்கேயே அடைத்துப் பட்டி போடுவார்கள், அடுத்த ஆடிக்கு அந்த நிலத்துக்கு எரு ஆகிவிடும். கரடும் கொல்லையும் ஒரே விவசாயத்தின் இரண்டு பாதிகள். ஒரு பாதியை நான் ‘காலி’ என்று எழுதினேன்.

அப்புறம் நடந்தது இதுதான். முதல் கோடையில் இரண்டு மாதம் டேங்கரில் தண்ணீர் வந்தது, பிறகு நின்றுபோனது. இரண்டாம் சித்திரையில் நடந்து நடந்து எண்ணினேன், 300 கன்று தேறவில்லை, தேறியதும் வேம்பும் புங்கனும்தான். அதற்குள் ஆடு வைத்திருந்த வீடுகளில் பாதிக்கு மேல் விற்றுவிட்டார்கள். ஆடு என்றால் அந்த வீடுகளில் வங்கிக் கணக்கு மாதிரி, பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒன்று, ஆஸ்பத்திரி என்றால் ஒன்று, விதைக்கடலை வாங்க ஒன்று. ஆடு போனதும் பட்டி போனது, பட்டி போனதும் யூரியா மூட்டை கடனில் வந்தது.

இன்னொன்றையும் நான் யோசிக்கவே இல்லை. கரட்டிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர் அந்த 18 ஏக்கரைத் தாண்டித்தான் கீழே இருந்த குட்டைக்குப் போனது. ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 4,000 லிட்டர். 20 மில்லிமீட்டர் பெய்கிற ஒரு நல்ல மழையில், கால்வாசி வழிந்து ஓடினாலே இந்த 18 ஏக்கரிலிருந்து மட்டும் 3,60,000 லிட்டர். கரட்டுத் தண்ணீர் அதற்கு மேல். என் அகழி அதில் பெரும்பகுதியை வழியிலேயே நிறுத்திவிட்டது. மண்ணுக்குள் இறங்கியது நல்லதுதானே என்பீர்கள். இறங்கியதுதான், ஆனால் மாடு தண்ணீர் குடிக்கும் குட்டை கார்த்திகையிலேயே சேறாகிவிட்டது. தண்ணீரை எங்கே நிறுத்தினாலும் அது ஏற்கெனவே யாருக்கோ போய்க்கொண்டிருந்த தண்ணீர் என்பதை அந்தக் குட்டைக்கரையில்தான் படித்தேன்.

‘தரிசு’ என்ற வார்த்தை எங்கிருந்து இவ்வளவு பலம் பெற்றது என்பதை நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1792-இல் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. பாராமகால் என்றால் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிதான். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே வயல் வயலாக அளந்து தீர்வை வைத்தார்கள், உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை, பின்னாளில் மதராஸ் மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது, இந்த மண்ணில் முளைத்தது. மன்றோ 7 வருடம் இந்தப் பக்கத்திலேயே வேலை பார்த்தவர். அந்தக் கணக்கின் நோக்கம் வரி. வரி தரும் நிலத்துக்கு ஒரு பெயர், தராததற்கு வேறு பெயர். ஆடு மேய்ந்ததா, குட்டை நிறைந்ததா என்று எழுத அதில் கட்டமே கிடையாது. 200 வருடம் கழித்தும் அதே கட்டத்தைப் பார்த்து நாம் நிலத்தின் தலையெழுத்தை முடிவு செய்கிறோம் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

ஒரு முறை எழுதியது அதோடு நிற்பதும் இல்லை. ஊராட்சித் திட்டத்தில் ‘காலி நிலம்’ என்று பதிவானால் அடுத்து வரும் எல்லோரும் அந்தப் பட்டியலைத்தான் முதலில் கேட்பார்கள். குப்பைக் கிடங்குக்கு இடம், குவாரிக்குப் பாதை, ஏதோ ஒரு கட்டடம், எதற்கு வேண்டுமானாலும். மேய்க்கால் புறம்போக்கு, அதாவது மேய்ச்சலுக்கு ஒதுக்கிய பொது நிலம், என்று இருந்தால் வகைப்பாடு மாற்ற வேண்டும், நடைமுறை உண்டு, ஊர் ஆட்சேபம் சொல்ல நேரம் கிடைக்கும். தரிசுக்கு அந்தத் தடுப்பு ரொம்பக் குறைவு. கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி ஊர்ப் பயனுக்கே திருப்பித் தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட்டது. ஆனால் ஊரின் சொந்தத் திட்ட அறிக்கையே அந்த நிலத்தில் யாருக்கும் வேலையில்லை என்று சொல்லும்போது, தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன வாதாட முடியும்?

சரி, எப்படிச் செய்வது? முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். இணையத்திலும் ‘அ’ பதிவேட்டு விவரம் கிடைக்கிறது. மேய்க்கால், மந்தைவெளி, வண்டிப்பாதை, ஓடை, களம் என்று ஒவ்வொரு புறம்போக்குக்கும் தனித்தனிப் பெயர் இருக்கும், அதைத் தரிசோடு சேர்த்து ஒரே நிறத்தில் தீட்டாதீர்கள். இரண்டாவது, இடத்துக்குக் காலை 9 மணி வாக்கிலும் மாலை 5 மணிக்கு மேலும் போங்கள், நடுப்பகலில் ஆடு நிழலில் படுத்திருக்கும், நிலம் காலியாகத்தான் தெரியும். ஐப்பசியில் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் படமும் அதே மாதிரிதான், ஏப்ரல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது, நவம்பர் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவது, ஐந்து ஆடு வைத்திருக்கும் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். கூட்டத்தில் பேசுவது டிராக்டர் வைத்திருப்பவர்தான், கரட்டுக்கு ஆடு ஓட்டுகிறவர் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவார். யார் மேய்க்கிறார்கள், எந்த மாதம், இங்கிருந்து தண்ணீர் எங்கே போய் விழுகிறது. இந்த மூன்றையும் கேட்டால் போதும்.

மரமே நட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் ஒத்துக்கொண்டால் நாலில் ஒரு பங்கை மூன்று வருடம் அடைத்து வைக்கலாம், மற்ற மூன்று பங்கில் ஆடு மேயும், பிறகு அடைப்பை மாற்றிக்கொள்ளலாம். எங்கே எதை அடைப்பது என்பதை மேய்ப்பவர்கள் சொல்லட்டும், எந்த மரம் என்பதையும். வெள்வேல் நடலாமா என்று கேட்டுப் பாருங்கள், அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

ஏரியைத் தூர்வாரி, வரத்துக் கால்வாயை விட்டுவிடுவது

ஏரியில் ஜேசிபி இறங்கினால் படம் எடுக்க நன்றாக இருக்கும், மண் அள்ள ஆளும் வரும். கால்வாயில் இறங்கினால் சண்டை வரும், ஏனென்றால் பாதித் தூரத்துக்கு அதை யாராவது உழுது சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் எல்லோரும் ஏரியையே ஆழப்படுத்துகிறார்கள். வரத்து அடைபட்ட ஏரியை எவ்வளவு தோண்டினாலும் அதன் மேல் விழுகிற மழைதான் அதற்குச் சொந்தம். மதகு மட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் பாசனத்துக்கும் ஏறாது. எங்கள் குழு இப்போது வேலையைக் கால்வாயின் தலைப்பிலிருந்துதான் எழுதுகிறது, பணம் மிஞ்சினால் ஏரிக்குள் போகிறது. சில ஏரிகளின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பில், 1980-களின் சமூகக் காடு வளர்ப்பில் நட்ட கருவேலம் இருக்கும், அதை வெட்டும் முன் ஏலம், அனுமதி எல்லாம் யாரிடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊராட்சி எல்லையோடு திட்டத்தை நிறுத்துவது

ஓடைக்கு எல்லைக்கல் தெரியாது. மேல் ஊராட்சியில் மூன்று தடுப்பணை கட்டினால் கீழ் ஊராட்சி ஏரிக்கு என்ன ஆகும் என்று இரண்டு ஊர்த் தலைவர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். தொழிற்பேட்டையும் அப்படித்தான். ஓசூர், சூளகிரி பக்கத்தில் வருவதன் தண்ணீர்த் தேவையும் கழிவும் வாடகையும் மனை விலையும் பல ஊராட்சி தாண்டிப் போகும். இதற்கென்றே அரசியலமைப்பில் 243 இசட்டி பிரிவில் மாவட்டத் திட்டக் குழு வைத்திருக்கிறார்கள், அதில் ஐந்தில் நாலு பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இருக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் பக்கத்து ஊராட்சியின் பெயர் ஒரு இடத்திலாவது வந்தால்தான் அந்தக் குழுவிலும் அதைப் பேச முடியும்.

பயனாளிகள் எண்ணிக்கையை மட்டும் எழுதுவது

இழப்பவர்கள் எத்தனை பேர் என்று பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்.

அந்த மூன்று பேரையும் அன்று மாலையே கரட்டடிக்குக் கூட்டிப் போனேன். 5 மணிக்குள் நாலு மந்தை இறங்கியது, ஒரு பிள்ளை எண்ணினாள், 140 ஆடு, 11 மாடு. கடைசி மந்தையோடு வந்த பெரியவர் பாறை மேல் உட்கார்ந்து, மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் பிரியும் என்று தடியால் தரையில் வரைந்து காட்டினார். இரண்டு கிளை. எங்கள் வரைபடத்தில் ஒன்றுதான் இருந்தது. அடுத்த வாரம் மறுபடி போகிறோம், அந்த இரண்டாவது கிளை எந்தக் குட்டையில் விழுகிறது என்று நடந்து பார்க்க.