மதுரையிலிருந்து கிளிமஞ்சாரோ உச்சிக்கு: முதல்முறை ஏறும் நண்பர்களுக்கு

மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தான்சானியாவின் கிளிமஞ்சாரோ எரிமலை 5,895 மீட்டர். கயிறு கட்டாமல் நடந்தே ஏறிவிடலாம் என்பதால்தான் நாங்கள் நான்கு பேர் துணிந்தோம். ஆனால் உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் பாதிதான். அதனால் இந்த மலையில் கால் பலத்தைவிட, கூட்டத்தில் யார் மெதுவோ அவர் வேகத்துக்கு மற்றவர்கள் நடப்பதுதான் முக்கியம்.

முதலில் பேசி முடிவெடுங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, ஊரில் உட்கார்ந்து. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை எது வந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும், வழிகாட்டி இறங்கு என்றால் அங்கேயே பேச்சு முடிந்தது, ஒருவர் இறங்குவதால் மற்றவர்கள் முகம் சுளிக்கக் கூடாது. நாங்கள் இதைப் பேசியும்கூட ஒரு நண்பன் மூன்றாம் நாள் தலைவலியை மறைத்து யாருக்கும் தெரியாமல் மாத்திரை போட்டுக்கொண்டான். மத்தியானம் வாந்தி வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. வலி மாத்திரை தலைவலியை மறைக்கும், உடம்பு உயரத்துக்குப் பழகாததை மாற்றாது.

அடுத்து பயிற்சி, மூன்று நான்கு மாதமாவது வேண்டும். வார நாளில் காலையில் கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளில் ஏறி இறங்குங்கள். ஞாயிறு அழகர்கோயிலில் இருந்து ராக்காயி அம்மன் கோயில் வரை முதுகில் ஐந்தாறு கிலோ பையோடு நடங்கள், அப்புறம் அனுமதி இருக்கும் நாளில் சதுரகிரி. தாணிப்பாறையிலிருந்து மேலே போகும் அந்தக் கரடுமுரடான கல் பாதைதான் புதுப் பூட்ஸைக் காலுக்குப் பழக்க நல்ல இடம். பூட்ஸை ஊரிலேயே பழக்காமல் போனால் முதல் நாளே குதிகாலில் கொப்புளம்தான்.

இவ்வளவு செய்தாலும் உயரத்துக்கு மட்டும் இங்கே பயிற்சி எடுக்க முடியாது. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான், கிளிமஞ்சாரோவின் மச்சாமே பாதையில் முதல் இரவு தங்கும் முகாமே ஏறக்குறைய 3,000 மீட்டரில் இருக்கிறது. அதனால் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது நாளைக் குறைக்காதீர்கள். மச்சாமே பாதையில் ஆறு நாள் திட்டமும் உண்டு, ஏழு நாளும் உண்டு. ஏழு நாளே எடுங்கள், செலவு கொஞ்சம் கூடினாலும் சரி. மூன்றாம் நாள் லாவா டவர் என்கிற பாறை வரை, ஏறக்குறைய 4,600 மீட்டர், ஏற்றிவிட்டு, தூங்க 3,900 சொச்சத்தில் இருக்கும் பராங்கோவுக்கு இறக்கிவிடுவார்கள். மேலே ஏறிவிட்டுக் கீழே வந்து தூங்கும்போதுதான் உடம்பு பழகுகிறது. உடம்பு உயரத்துக்குப் பழக உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வழிகாட்டி இல்லாமல் அங்கே ஏற விடமாட்டார்கள். சுமை தூக்குபவர்களுக்கு ஆளுக்கு 20 கிலோதான் வரம்பு, அவர்களுக்கு ஒழுங்காகக் கூலி கொடுக்கும் ஏற்பாட்டாளரா என்று விசாரித்த பிறகு பணம் கட்டுங்கள். தடித்த ஜாக்கெட், தூக்கப் பை எல்லாம் அடிவாரத்து மோஷி ஊரில் வாடகைக்குக் கிடைக்கும், மதுரை வெயிலில் அதற்குப் பிறகு அவற்றை என்ன செய்யப்போகிறோம்? பிளாஸ்டிக் கேரி பேக் தான்சானியாவில் 2019 முதல் தடை, மஞ்சப்பை எடுத்துப்போங்கள். எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டாயம். நான்காயிரம் மீட்டருக்கு மேல் எந்தச் சாப்பாடும் இறங்காது, ஊறுகாய் வாசனைக்குத்தான் எங்களுக்கு நாலு வாய் சோறு போனது.

தினமும் மூன்று நான்கு லிட்டர் தண்ணீர். நடை, வழிகாட்டிகள் சுவாஹிலியில் ஓயாமல் சொல்வதுபோல "போலே போலே", மெதுவாக மெதுவாக. பேசிக்கொண்டே நடக்க முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

உச்சிக்கு ஏறும் இரவில், கடைசி முகாமான பராஃபுவிலிருந்து நள்ளிரவு வாக்கில் கிளம்புவார்கள். எரிமலைச் சரளை இரவில் உறைந்து இறுகி இருக்கும், வெயில் வந்தால் ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 10, 15 டிகிரி போகும், தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், உறைவது மேலிருந்து என்பதால் மூடிப் பக்கம் திறந்திருக்கும். போன் பேட்டரியை உடம்போடு ஒட்டி வையுங்கள். யாராவது தடுமாறினால் நிறுத்தி, ஒரு காலின் விரல் நுனியோடு அடுத்த காலின் குதிகால் ஒட்டும்படி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் மூளையில் நீர் கோத்திருக்கலாம், சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறி இருமினால் நுரையீரலில். இரண்டுக்கும் உடனே இறங்க வேண்டும், விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

"மாப்ள, என்னால முடியல, நீங்க போங்கடா" என்று பாதி வழியில் அதே நண்பன் தானாகவே சொன்னான். துணை வழிகாட்டியோடு அவனை அனுப்பிவிட்டு நாங்கள் மூவரும் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் 5,756 மீட்டர் ஸ்டெல்லா பாயிண்ட் சேர்ந்தபோது, இதே மலையின் இன்னொரு சிகரமான மவென்சிக்குப் பின்னால் வானம் சிவக்க ஆரம்பித்தது. அங்கிருந்து அந்த விளிம்பிலேயே இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் உஹுரு, அதுதான் மலையின் உச்சி. படம் எடுத்துக்கொண்டு சீக்கிரம் இறங்குங்கள், அதே நாளில் 3,100 மீட்டர் ம்வேக்கா முகாம் வரை போக வேண்டும். இறக்கம்தான் முட்டியையும் கால் விரலையும் பதம் பார்க்கும், ஊரிலேயே நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுக் கிளம்புங்கள். பராஃபுவில் நண்பன் சூடாகத் தேநீர் சொல்லி வைத்திருந்தான், தலைவலி போய்விட்டது என்றான்.