கூஸ்கூஸ்: முதலில் அந்த மூடியைத் தூர வையுங்கள்

பாரிசுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் கூஸ்கூஸை ரவை என்று நினைத்து உப்புமா கிண்டினேன். கடுகு, உளுந்து, பச்சை மிளகாய் தாளித்து, ஒன்றுக்கு இரண்டரை என்று தண்ணீர் வைத்து, கொதித்ததும் கொட்டிக் கிளறினேன். இரண்டு நிமிடத்தில் கரண்டி குத்திட்டு நின்றது. உப்புமாவும் இல்லை, களியும் இல்லை, சுவரொட்டி ஒட்டலாம் போல ஒரு பசை. பாத்திரத்தை இரண்டு நாள் ஊறவைத்துத் தேய்த்தேன்.

என்னைக் கரையேற்றியவர் மாடியில் இருக்கும் மொராக்கோக்காரப் பாட்டி. ஃபெஸ் நகரத்துக்காரர். அவருடைய வீட்டில் வெள்ளிக்கிழமை மதியம் என்றால் கூஸ்கூஸ்தான். தொழுகை முடிந்து வந்ததும் எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்காருவார்கள். நாலைந்து வெள்ளிக்கிழமை அவர் அடுப்படியில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எது கூஸ்கூஸ்?

துரும் என்னும் கெட்டி வகைக் கோதுமையின் ரவையில் உப்புத் தண்ணீர் தெளித்து, மேலே மெல்லிய மாவைத் தூவி, அகலமான தட்டில் உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து உருட்டுகிறார்கள். அப்படித் திரண்ட மணிகளைச் சலித்து எடுத்தால் கூஸ்கூஸ். ஆக, ரவை என்பது இதன் மூலப்பொருள் மட்டும். கடையில் பாக்கெட்டில் வருவதை ஆலையிலேயே ஒருமுறை ஆவியில் அவித்துக் காயவைத்துவிடுகிறார்கள். பாதி வெந்த பண்டத்தை இரண்டரைப் பங்கு தண்ணீரில் போட்டுக் கிண்டினால் பசை ஆகாமல் என்ன ஆகும்!

பொடி, நடுத்தரம், பருமன் என்று மூன்று அளவில் கிடைக்கும். முதல்முறை செய்பவர்கள் நடுத்தரம் வாங்குங்கள். பொடி மணி, இலவங்கப்பட்டைத் தூளும் சர்க்கரையும் பாதாமும் தூவிச் செய்கிற சஃபா என்னும் இனிப்புக்கு நன்றாக இருக்கும். மசாலா பாக்கெட்டோடு சேர்த்து விற்பதை வாங்காதீர்கள். அந்த மசாலாவில் பாதி உப்புதான்.

அவசரத்துக்கு: ஐந்து நிமிட வழி

ஒரு கப் கூஸ்கூஸ், ஒரு கப் கொதிக்கிற தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். முதலில் எண்ணெயை மணிகளில் விட்டு விரலால் பிசறுங்கள். தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றி, ஒரு தட்டால் மூடி, அப்படியே விட்டுவிடுங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம். கிளறவும் வேண்டாம். ஐந்து நிமிடம் கழித்து ஒரு துண்டு வெண்ணெய் போட்டு முள்கரண்டியால் கீறிக் கீறி உதிர்த்துவிடுங்கள். கரண்டி போட்டால் நசுங்கும்.

அலுவலகம் விட்டு வந்த இரவுக்கு இது போதும். ஆனால் இதைச் சாப்பிட்டுவிட்டு “கூஸ்கூஸ் ஒன்றும் பெரிதாக இல்லையே” என்று சொல்லாதீர்கள். ஆவியில் வெந்த கூஸ்கூஸை இதற்கு நேராக வைத்துப் பார்த்தால், ஊறவைத்த அவலுக்கும் பஞ்சு போன்ற புட்டுக்கும் உள்ள தூரம் தெரியும்.

முறையாக: கீழே குழம்பு, மேலே ஆவி

நாலைந்து பேருக்கு அரை கிலோ நடுத்தரக் கூஸ்கூஸ் சரியாக இருக்கும்.

இதற்கென்று இரண்டடுக்குப் பாத்திரம் இருக்கிறது. கீழே உயரமான அண்டா, அதன் வாயில் கச்சிதமாக உட்காரும் துளைத்தட்டு. வட ஆப்பிரிக்கக் கடைகளில் அலுமினியத்திலும் எவர்சில்வரிலும் தொங்கும். அலுமினியம் மலிவுதான், ஆனாலும் தக்காளி போட்ட குழம்பை அதில் மணிக்கணக்கில் கொதிக்கவைக்க எனக்கு மனசில்லை, எவர்சில்வர்தான் வைத்திருக்கிறேன். இதற்காகத் தனிப் பாத்திரம் வாங்க வேண்டாம் என்றால், உயரமான அண்டாவின் வாயில் இறுக்கமாக உட்காரும் எவர்சில்வர் வடிதட்டு போதும். மணியைப் பிசற அகலமான தாம்பாளம் ஒன்று கட்டாயம் வேண்டும். குழிவான பாத்திரத்தில் பிசறினால் அடியில் தண்ணீர் தங்கிவிடும்.

குழம்பு எளிது. முக்கால் கிலோ எலும்போடு கூடிய ஆட்டுத் தோள்கறி, நறுக்கிய பெரிய வெங்காயம் இரண்டு, தக்காளி இரண்டு, இரவே ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி. மஞ்சள்தூள், சுக்குத்தூள், மிளகுத்தூள் தலா ஒரு டீஸ்பூன். ராஸ் எல் ஹனூத் என்னும் கலவை மசாலா கிடைத்தால் அரை டீஸ்பூன். கொத்தமல்லியும் பார்ஸ்லியும் ஒரு கட்டு, நூலால் கட்டியது. எண்ணெயில் எல்லாவற்றையும் புரட்டி, இரண்டரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, மூடி நாற்பது நிமிடம் கொதிக்கட்டும். மூடி போடுகிற வேலை இதோடு முடிந்தது.

இந்த இடத்தில் நம் கை சும்மா இருக்காது, மிளகாய்த்தூள் டப்பாவைத் தேடும். விடுங்கள். மொராக்கோ முறையில் இந்தக் குழம்பு காரமாக இருக்காது. காரம் வேண்டும் என்பவர்கள் துனிசியப் பக்கம் போகலாம். அங்கே ஹரீசா என்னும் மிளகாய் விழுதையும் தக்காளி விழுதையும் சேர்த்துச் சிவக்கச் சிவக்கச் செய்வார்கள், மீன் போட்டும் செய்வார்கள். சைவர்கள் கறியை விட்டுவிட்டுக் கொண்டைக்கடலையைக் கூட்டிக்கொள்ளுங்கள், ருசி குறையாது.

நான் சறுக்கிய இடம்

கூஸ்கூஸைத் தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அள்ளித் தேய்த்து உதிருங்கள். பிறகு அரை கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறுங்கள். புட்டுக்கு மாவு பிசறிய கைக்கு இது தானாக வரும். ஆனால் புட்டு மாவு அளவுக்கு ஈரம் கூடாது. பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி பிடிபட்டால் தண்ணீர் அதிகம். ஒவ்வொரு மணியும் ஈரமாக, ஆனால் தனித்தனியாக உருள வேண்டும்.

துளைத்தட்டில் அள்ளிப் போடுங்கள். அமுக்காதீர்கள், தட்டாதீர்கள். கொதிக்கிற குழம்பின் மேல் ஏற்றுங்கள். குழம்பு தட்டின் அடியைத் தொடவே கூடாது.

நான் முதல்முறை தனியாகச் செய்தபோது இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். அப்புறம் இட்லி ஊற்றிப் பழகிய புத்தியில் மேலே மூடி போட்டேன். இருபது நிமிடம் கழித்துத் திறந்தால், மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நின்ற தண்ணீர் சொட்டி மேல்பரப்பு கூழாகியிருந்தது. நடுவில் கையை விட்டால் மணி வறண்டு கடகடவென்று இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று மறுபடி மூடினேன். கூழ் அதிகமானது, உள்ளே அப்படியே. மூன்று வாரம் இதே கதை. மாவு சரியில்லை, பாத்திரம் சரியில்லை என்று வாயில்லாப் பொருள்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம் பாட்டி ஏதோ கேட்க வந்தவர் அடுப்பைப் பார்த்தார். பேசாமல் மூடியை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தார். “இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது? மூச்சு முட்டிச் சாகவா அது?” என்றார். அதோடு அண்டாவும் துளைத்தட்டும் சேரும் விளிம்பில் விரலை ஓட்டினார். சுற்றிலும் ஆவி கசிந்துகொண்டிருந்தது. மேலே போக வேண்டிய ஆவி பக்கவாட்டில் போனால் நடுமணி எப்படி வேகும்? ஒரு பழைய துணியை நீளமாகக் கிழித்து, மைதாவைத் தண்ணீரில் கரைத்து அதில் முக்கி, விளிம்பைச் சுற்றிக் கட்டினார். சூட்டில் அது காய்ந்து கவ்விக்கொண்டது. குழாய்ப் புட்டுக்குக் குடத்தின் வாயில் ஈரத்துணி சுற்றுவோமே, அதேதான். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இப்போதும் வெட்கம். இப்போது பலரும் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றுகிறார்கள். சூட்டில் பிளாஸ்டிக் எனக்குப் பிடிக்காது.

ஆக இரண்டு விஷயம்: விளிம்பை அடைக்கணும், மேலே திறந்து விடணும். மணிகளின் ஊடாக ஆவி மேலெழும்பித் தெரிகிற நேரத்திலிருந்து பதினைந்து நிமிடம் கணக்கு. அடுப்பில் ஏற்றிய நேரத்திலிருந்து அல்ல.

பிறகு துணியை அவிழ்த்து, தாம்பாளத்தில் கொட்டி, கட்டிகளை உடையுங்கள். சுடும், முதலில் மரக்கரண்டி, பிறகு கை. ஒரு டீஸ்பூன் உப்பைத் தூவி, ஒரு கப் தண்ணீரைப் பல தவணையாகத் தெளித்துப் பிசறுங்கள். குடித்துவிடும். குழம்பில் கேரட், நூல்கோல் மாதிரி இருக்கும் டர்னிப், முட்டைக்கோஸ் போட்டுவிட்டு, மறுபடி மேலே ஏற்றிப் பதினைந்து நிமிடம். திரும்பக் கொட்டி, இன்னும் ஒரு கப் தண்ணீர். இந்தத் தடவை குழம்பில் பூசணியும் சுக்கினியும் போடுங்கள், இவை சீக்கிரம் குழையும். மூன்றாவது ஆவி ஏற்றி இறக்கினால், அரை கிலோ மணி தாம்பாளம் கொள்ளாமல் பொங்கி நிற்கும். வெண்ணெய் ஒரு கட்டி போட்டு உதிர்த்துவிடுங்கள். பாட்டி ஸ்மென் என்னும் புளிக்கவைத்த பழைய வெண்ணெய் போடுவார். அந்த வாசனை எனக்கு இன்னும் பழகவில்லை.

பரிமாறுவது

பெரிய வட்டத் தட்டில் கூஸ்கூஸைக் குன்றாகக் குவித்து, உச்சியில் குழி செய்யுங்கள். குழியில் கறி. காய்களை முழுசாக, உச்சியிலிருந்து விளிம்பு வரை கோடு கோடாகச் சாய்த்து அடுக்குங்கள். இரண்டு மூன்று கரண்டி குழம்பை மேலே ஊற்றி, மீதியைக் கிண்ணத்தில் தனியாக வையுங்கள். எல்லாக் குழம்பையும் ஒரேயடியாக ஊற்றினால் மூன்று ஆவிக்குப் பட்ட பாடு வீண். விருந்தினர் வந்தால் வெங்காயமும் உலர்திராட்சையும் இலவங்கப்பட்டையோடு தேன்நிறமாக வதக்கிய தஃபாயாவை உச்சியில் வைக்கலாம்.

சாப்பிடும்போது அவரவர் முன்னால் இருக்கும் பங்கில்தான் கைவைக்க வேண்டும். பாட்டி வலது கையால் கொஞ்சம் அள்ளி, உள்ளங்கையில் குலுக்கி உருண்டையாக்கி வாயில் போடுவார். எனக்கு உருண்டை உதிர்ந்து சட்டையில் விழும், ஸ்பூன் எடுத்துக்கொள்வேன். யாரும் தப்பாக நினைப்பதில்லை. கூடவே மோர்! லபன் என்கிறார்கள். உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை எதுவும் கிடையாது, வெறும் மோர். அதைக் குடித்தபோதுதான் எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது.

இது எந்த ஊர்ப் பண்டம் என்று மட்டும் அந்தத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுவிடாதீர்கள். மாடியில் மொராக்கோ, எதிர்வீட்டில் அல்ஜீரியா என்று இருந்தால் சாப்பாடு ஆறிவிடும். 2020-இல் அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா, மொரித்தானியா நான்கும் சேர்ந்து விண்ணப்பித்துத்தான் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் கூஸ்கூஸ் ஏறியது.

பின்சேர்க்கை

சென்னையிலிருந்து ஒருவர் “சொன்னபடியே செய்தேன், வேகவே இல்லை, மணி ரொம்பச் சின்னது” என்று எழுதியிருந்தார். படம் கேட்டேன். கசகசா! இந்தியில் அதற்குக் கஸ்கஸ் என்றே பெயர், கடைக்காரர் அதைக் கொடுத்துவிட்டார். கோதுமை, ரவை என்ற சொல் பாக்கெட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். போகிற போக்கில் இன்னொன்று: துபாய் போகிறவர்களிடம் கசகசா கொடுத்து அனுப்பாதீர்கள், அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள்.

துளை வழியே மணி குழம்பில் கொட்டிவிடாதா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஈரத்தில் ஊதிய மணிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். பத்திருபது விழும், குழம்பு கொஞ்சம் கெட்டியாகும், அவ்வளவுதான்.

இட்லிப் பானையில் முடியுமா? முடியும். குழம்பைத் தனியாக வையுங்கள், பானையில் வெறும் தண்ணீர். தட்டில் துணி விரித்து மணியைப் பரப்புங்கள். தண்ணீர் வற்றுகிறதா என்று ஒவ்வொரு ஆவிக்கும் பாருங்கள். மூடி வேண்டாம், மூடி வேண்டாம்.

மிளகு அளவில் உருண்டையாக இருப்பதை வாங்கியவர்களுக்கு: அது வேறு பண்டம். 1950களில் இஸ்ரேலில் அரிசித் தட்டுப்பாட்டின்போது கோதுமை மாவில் செய்து வறுத்து விற்கத் தொடங்கியது. பாஸ்தா மாதிரி தண்ணீரில் வேகவைக்க வேண்டும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் சிறுதானியத்தில் செய்யலாமா என்று கேட்டார். செனெகலில் கம்பு மாவை இதே மாதிரி உருட்டி ஆவியில் அவித்துச் சாப்பிடுகிறார்கள், பெயர் செரே. நம் ஊர்க் கம்பு மாவில் இரண்டு முறை முயன்றேன். முதல்முறை உருளவில்லை, இரண்டாம் முறை உருண்டது, ஆவியில் உடைந்தது. சரியாக வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.