கார் வாங்கும் முன் எரிபொருள் கணக்கு: ரூபாயில் வேண்டாம், லிட்டரில் போடுங்கள்

கார் வாங்கப் போனால் பேரமெல்லாம் வண்டி விலையில்தான் நடக்கிறது. அதன்பின் வருடக்கணக்கில் பங்க்கில் கொடுக்கப்போகும் பணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்தால் அதை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

1. வருடத்துக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள்?
மனக்கணக்கை நம்பாதீர்கள். சர்வீஸ் பில்லில் அன்றைய ஓடோமீட்டர் அளவு இருக்கும். ஒரு வருட இடைவெளியில் உள்ள இரண்டு பில்களை எடுத்துக் கழித்தால் விடை வந்துவிடும். முதல் கார் என்றால், தினமும் போய்வரும் தூரத்தை வேலை நாட்களால் பெருக்கி, வெளியூர்ப் பயணங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. உண்மையான மைலேஜைப் பிடியுங்கள்
விளம்பரத்தில் வரும் மைலேஜ் ஆய்வகத்தில், உருளைகள் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு எடுத்தது. சாலையில் கிடைப்பதோடு அது ஒத்துப்போகவில்லை என்பதால்தான் ஐரோப்பாவில் 2017 முதல் டபிள்யூஎல்டிபி என்ற புதிய சோதனை முறையைக் கொண்டுவந்தார்கள். அதே மாடலை வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால், டேங்க் டு டேங்க் முறையில் அளந்து தரச் சொல்லுங்கள். குழாய் தானாக 'டக்' என்று நிற்கும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்க வேண்டும். வழக்கம்போல ஓட்டிவிட்டு, மறுபடி அதேபோல நிரப்ப வேண்டும். 420 கி.மீ. ஓடி, 30 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 14. ஒருமுறை அளந்தால் போதாது. மூன்று முறை அளந்து சராசரி எடுப்பதுதான் சரி.

3. மைலேஜை லிட்டராக்குங்கள்
பலர் ஏமாறும் இடம் இதுதான். வருடம் 12,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மைலேஜ் 10லிருந்து 12ஆனால் 1,200 லிட்டர் 1,000ஆகக் குறையும். மிச்சம் 200 லிட்டர். 20லிருந்து 25ஆனால் 600 லிட்டர் 480ஆகும், மிச்சம் 120தான். பார்வைக்கு 5 பெரிது, ஆனால் அந்த 2தான் அதிகம் மிச்சப்படுத்துகிறது. அதனால் மைலேஜ் எண்களை நேரடியாக ஒப்பிடவே வேண்டாம்.

4. விலை வித்தியாசத்தையும் லிட்டராக்குங்கள்
இரண்டு கார்களின் விலை வித்தியாசத்தை ஒரு லிட்டரின் இன்றைய விலையால் வகுங்கள். 1,600 லிட்டர் வருகிறது, வருட மிச்சம் 200 லிட்டர் என்றால், கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப 8 வருடம் ஆகும். 5 வருடத்தில் விற்றுவிடும் பழக்கம் உள்ளவருக்கு அது கட்டுப்படியாகாது. இரண்டு மடங்கு ஓட்டுபவருக்கோ 4 வருடத்தில் வந்துவிடும். எரிபொருள் விலை கால்பங்கு ஏறினால், இறங்கினால் என்ன ஆகும் என்றும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

5. எரிபொருள் வகை மாறினால்
பெட்ரோலையும் டீசலையும் லிட்டருக்கு லிட்டர் வைத்துப் பார்க்கக் கூடாது, விலை வேறு. இங்கே மட்டும் வருடச் செலவைப் பணமாக மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். தினமும் சில கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு டீசலை நான் சொல்லவே மாட்டேன். என்ஜின் நன்றாகச் சூடேறாமல் புகைவடிகட்டி அடைத்துக்கொள்ளும், அந்தச் செலவு தனி. நெரிசலில் நின்று நின்று போகிறவர்கள் ஹைப்ரிட்டை (என்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் உள்ள கார்) கட்டாயம் கணக்கில் சேருங்கள், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை அது பேட்டரிக்குத் திருப்பும். மின்சாரக் காருக்கு 100 கி.மீ.க்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். 15 யூனிட் என்றால் 12,000 கி.மீ.க்கு 1,800. சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாகும் என்பதால் பத்துச் சதவீதம் கூட்டி 1,980 என்று எழுதிக்கொள்ளுங்கள்.