வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளின் பியானோ வாசிப்பு: முதல்முறை நடத்தும் ஆசிரியர்களுக்கு

கிரேடு எனப்படும் படிநிலைத் தேர்வில் தேர்வாளர் முன் அமர்வதற்கு முன்பே, மதிப்பெண் போடாத இருபது பேர் எதிரில் பிள்ளை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே மண்டபம், மைக், கேடயம் எதுவும் தேவையில்லை. சென்னையில் என் வகுப்பு நடக்கும் அதே கூடத்தில், எட்டுப் பிள்ளைகளோடும் அவர்கள் வீட்டாரோடும், ஞாயிறு மாலை 4 மணிக்குத் தொடங்கி 40 நிமிடங்களில் முடித்துவிடுவேன்.

முதல் வேலை, ஆறு வாரங்களுக்கு முன்பே தேதியைச் சொல்லிவிட்டுப் பாடலைத் தேர்ந்தெடுப்பது. பிள்ளை இப்போது கற்றுவரும் பாடலைக் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே முடித்து, கை நன்றாகப் பழகிவிட்ட பாடல்தான், பதற்றத்தில் வேகம் கூடினாலும் சிதறாமல் நிற்கும். "இது பழைய பாட்டாயிற்றே, மிஸ்" என்று பெற்றோர் குறைப்படுவார்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம். மனப்பாடமாக வாசிக்க வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். லிஸ்ட், கிளாரா ஷூமன் போன்ற பியானோ கலைஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் மேடையில் பரப்பிய வழக்கம் அது. ஏழு வயதுப் பிள்ளை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிப்பதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது, தடுமாறினால் என்ன செய்வது என்பதைப் பழக்குவது. நான் அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான். பிள்ளைகள் ஓரிடத்தில் தவறினால் பாடலின் தொடக்கத்துக்கே ஓடிவிடுவார்கள், மீண்டும் அதே இடத்தில் விழுவார்கள். இதைத் தவிர்க்க, பாடலில் மூன்று இடங்களில் பென்சிலால் நட்சத்திரம் போட்டு, நான் "இரண்டு" என்றால் இரண்டாம் நட்சத்திரத்திலிருந்து உடனே வாசிக்கும்படி ஒரு மாதம் விளையாட்டாகப் பழக்குகிறேன். அதன்பின் நிகழ்ச்சியில் கை நின்றுபோனாலும், பிள்ளை பின்னால் போகாமல் அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவிவிடும். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது.

நிகழ்ச்சி நாளில் கருவியை நீங்களே சரிபாருங்கள். டிஜிட்டல் பியானோ என்றால் எல்லாச் சுரங்களையும் மேலோ கீழோ நகர்த்திவிடும் டிரான்ஸ்போஸ் பொத்தானைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: ஒருமுறை ஒரு வாண்டு அதை அழுத்திவிட்டுப் போக, அடுத்து வந்த சிறுமி முதல் சுரத்திலேயே கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மின்வெட்டு வந்தால் தாங்க, பியானோவின் இணைப்பை இன்வர்ட்டர் லைனில் கொடுங்கள். மின்விசிறி பக்கங்களைப் புரட்டிவிடும் என்பதால் இரண்டு துணி கிளிப்புகளைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை கட்டைகளின் உயரத்துக்கு வருமாறு பெஞ்சை உயர்த்தினால் சின்னப் பிள்ளைகளின் கால் அந்தரத்தில் தொங்கும். அடியில் ஒரு மணைப்பலகையைப் போட்டால் போதும்.

வரிசையில் மிகச் சிறிய பிள்ளையை முதலில் விடுவது பலருக்கும் வழக்கம். நானோ, எதற்கும் அசராத ஒரு மாணவரை முதலில் அமர்த்தி, கூடம் அடங்கியபின் இரண்டாவதாகச் சிறியவரை அழைப்பேன். வீடியோவை ஒருவர் மட்டும், பக்கவாட்டில் நின்று எடுக்கட்டும்.

பஜ்ஜி, கேசரி எல்லாம் கடைசிப் பாடலுக்குப் பிறகுதான். தின்று முடித்ததும் பிள்ளைகள் மறுபடியும் பியானோவைச் சூழ்ந்துகொள்வார்கள். வாசிக்க விடுங்கள், ஆனால் கை கழுவிவிட்டு.